ராத்திரி உங்கள் கார் எங்கே நிற்கிறது? – மின்சார கார்: வாசகர் கேள்வி பதில்

மின்சார கார் பற்றி வரும் கேள்விகள் குவிந்துகொண்டே போகின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கி, இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் பெட்ரோல் கார் பழசாகிவிட்டது. இந்த வருடம் மாற்றியே ஆக வேண்டும். பாதிப் பேர் மின்சார கார் வாங்கு என்கிறார்கள், மீதிப் பேர் இன்னும் ஐந்து வருடம் பொறு என்கிறார்கள். பெட்ரோல் காரின் இடத்தைப் பிடிக்கும் அளவுக்கு அது தயாராகிவிட்டதா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார்.

சுற்றி வளைக்கவில்லை. கார் தயார். அது உங்களுக்குத் தோதுப்படுமா என்பது ராத்திரி அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வீட்டு வாசலிலோ உங்களுக்கென்று ஒதுக்கிய பார்க்கிங்கிலோ, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். தெருவில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நிறுத்துபவர் என்றால், எவ்வளவு நல்ல மின்சார கார் வாங்கினாலும் மாதத்தில் பல நாள் சார்ஜர் தேடிக்கொண்டிருப்பீர்கள், நான் அவசரப்படுத்த மாட்டேன்.

ஏன் பிளக் பாயின்ட்டையே இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், கணக்கு அங்கேதான் இருக்கிறது. நடுத்தர அளவு மின்சார கார் 100 கிலோமீட்டர் ஓட சுமார் 15 யூனிட் கரண்ட் எடுக்கும். நீங்கள் தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் 6 யூனிட். 3.3 கிலோவாட் சாதாரண சார்ஜரில் அது இரண்டு மணி நேர வேலை, நீங்கள் தூங்கும்போதே முடிந்துவிடும். பங்க்குக்குப் போகிற வேலையே இல்லாமல் மாதக்கணக்கில் ஓட்டலாம். பெட்ரோல் இன்ஜின், எரிபொருளில் இருக்கும் சக்தியில் 20 முதல் 30 சதவீதத்தைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது, மிச்சமெல்லாம் சூடாகக் காற்றில் போகிறது. மின்சார காரில் 80 சதவீதத்துக்கு மேல் சக்கரத்துக்கே போகும். ஓட்டும் செலவு குறைவதற்கு இதுதான் முதல் காரணம். அப்புறம், ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது, வேகம் குறைக்கும்போது மோட்டாரே பாதி பிரேக் வேலையைப் பார்த்துவிடுவதால் பிரேக் பேடும் நெடுநாள் வரும். டயர் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் தேயும், வண்டி கனம், பிக்கப்பும் அதிகம்.

வெளியே ஃபாஸ்ட் சார்ஜரை மட்டுமே நம்பியிருப்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடும். பல இடங்களில் அங்கே ஒரு யூனிட்டுக்கு வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வாங்குகிறார்கள். காத்திருப்பது வேறு.

நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் கிட்டத்தட்ட 89 சதவீதம் முழு மின்சார கார்கள். குளிரில் நடுங்குகிற நாடு, ஊருக்கு ஊர் தூரம், அங்கேயே ஓடுகிறது என்றால் காரின் தகுதியைப் பற்றிச் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த அரசு பல ஆண்டுகளாக மின்சார காருக்கு வரிச்சலுகை கொடுத்து, பெட்ரோல் காருக்குக் கடுமையாக வரி போட்டு, ஊரெங்கும் சார்ஜர் வைத்த பிறகுதான் இது நடந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: மாதம் ஒரு முறை 500 கிலோமீட்டர் ஒரே மூச்சில் போக வேண்டியிருக்கிறது. கம்பெனிக்காரர் ஒரு முழு சார்ஜில் 450 கிலோமீட்டர் ஓடும், அதுதான் ரேஞ்ச் என்கிறார். நம்பலாமா? நடுவழியில் நின்றுவிட்டால்?

அந்த 450-ஐ நம்பி வண்டியை எடுக்காதீர்கள். அது பொய் இல்லை, சோதனைக்கூடத்தில் வந்த எண். ஐரோப்பா உள்ளிட்ட பல நாடுகளில் பயன்படும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனையின் சராசரி வேகமே மணிக்கு சுமார் 47 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் யார் அந்த வேகத்தில் போகிறார்கள்? காற்று கொடுக்கும் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு. 80-இல் போவதற்கும் 110-இல் போவதற்கும் அந்தத் தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெட்ரோல் காரில் நெடுஞ்சாலையில்தான் மைலேஜ் நன்றாக வரும் என்று பழகியவர்களுக்கு இது புரிய நாளாகிறது, ஏனென்றால் மின்சார கார் அதற்கு நேர்மாறு, ஊருக்குள் நின்று நின்று போகும்போதுதான் சிக்கனம். 450 என்று எழுதியிருந்தால் 110 வேகத்தில் 330, 350 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் அதிலிருந்தும் கால்பங்கு போகலாம். கூரைமேல் சாமான் கட்டினாலும் குறையும்.

இதை வைத்து உங்கள் பயணத்தைப் போட்டுப் பார்த்தால், வீட்டில் முழுசாக ஏற்றிக்கொண்டு கிளம்பி, 280 கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு முறை நிறுத்தினால் போதும். அரை மணி நேரம். அதற்குள் நீங்களே காலை நீட்டி, முகம் கழுவி, சாப்பிட்டிருப்பீர்கள்.

சார்ஜிங் ஸ்டேஷனில் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கேபிள் கனமாக இருக்கும், அதன் முனையில் இருக்கும் பிளக்கைத்தான் கன் என்கிறார்கள், இரண்டு கையாலும் பிடித்து அந்தக் கன்னைச் செருக வேண்டும். சில நொடி எந்தச் சத்தமும் இருக்காது, காரும் சார்ஜரும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. பிறகு உள்ளே டக்கென்று ஒரு சத்தம், திரையில் எண் ஏறத் தொடங்கும். 10 சதவீதத்தில் இருக்கும்போது 110, 120 கிலோவாட் என்று வேகமாக இழுக்கும், முன்னால் விசிறி இரையும். 50-ஐத் தாண்டியதும் வேகம் தணியும். 80-க்கு மேல் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், பேட்டரிக்குள் இருக்கும் செல்களைக் காப்பாற்ற காரே அப்படிக் குறைத்துக்கொள்கிறது. 80 முதல் 100 வரை ஏற்றுகிற நேரத்தில், பின்னால் காத்திருப்பவர் தன் வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆகவே 80 வந்ததும் கன்னைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள், உங்களுக்கும் அதுதான் லாபம்.

பெட்ரோலின் பலத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் சக்தி இருக்கிறது. 60 யூனிட் பேட்டரி 350, 400 கிலோ எடை வரும், அதே சக்தி ஏழு லிட்டருக்கும் குறைவான பெட்ரோலில், ஐந்து கிலோவுக்குள் அடங்கிவிடும். பங்க்கில் ஐந்து நிமிடத்தில் டேங்க் நிறைவதை 150 கிலோவாட் சார்ஜர் நிமிடத்துக்கு இரண்டரை யூனிட் கொடுத்து எட்டிப் பிடிக்கவே முடியாது. வாரத்துக்கு மூன்று நாள் 600 கிலோமீட்டர் ஓடுகிறவர், அந்த வழியில் ஒரே ஒரு சார்ஜர்தான் இருக்கிறது என்றால், பெட்ரோலிலேயே இருப்பதில் தவறில்லை. உங்களுடையது மாதம் ஒரு முறை, சமாளிக்கலாம். நிற்கப்போகும் சார்ஜருக்கு 40 கிலோமீட்டர் முன்போ பின்போ இன்னொன்றையும் குறித்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள், முதலாவது வேலை செய்யாமல் போவது இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே பணம் போட்டு வைக்க வேண்டும் என்கிற தொல்லையை அரசாங்கங்கள்தான் தீர்க்க வேண்டும். கார்டைக் காட்டினால் கரண்ட் வர வேண்டும், பங்க்கில் அப்படித்தானே நடக்கிறது?

கேள்வி: ஐந்து வருடத்தில் பேட்டரி போய்விடும், மாற்றும் செலவில் பாதி கார் வாங்கலாம் என்று மெக்கானிக் பயமுறுத்துகிறார்.

ஐந்து வருடத்தில் மொத்தமாகப் போகாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவு குறையும். பெரும்பாலான கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை, 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று வாரன்ட்டி தருகின்றன. ஒரு பேட்டரி முழுசாக 1,000 சுற்று ஏறி இறங்கினாலே, சுற்றுக்கு 300 கிலோமீட்டர் என்று பார்த்தாலும் 3 லட்சம் கிலோமீட்டர் வருகிறது. அவ்வளவு ஓடிய பெட்ரோல் காரில் இன்ஜின் வேலை வராமலா இருக்கும்?

மெக்கானிக்கின் பயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. 2010-இல் வந்த முதல் நிசான் லீஃப் கார்களில் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா மாதிரி வெயில் கொளுத்தும் இடங்களில் சீக்கிரமே ரேஞ்ச் தேய்ந்தது, அந்தக் கதைதான் இன்றுவரை ஊர் ஊராகச் சுற்றுகிறது. சூடுதான் லித்தியம் பேட்டரிக்கு எதிரி. ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் உண்டா என்பது. இரண்டாவது, அது எந்த வகை என்பது. எல்.எஃப்.பி. என்றால் இரும்பும் பாஸ்பேட்டும், நிக்கல் கோபால்ட் இல்லாதது, கனம் கூடுதல், கடுங்குளிரில் மந்தம், ஆனால் நீடித்து உழைக்கும், 100 சதவீதம் ஏற்றினாலும் அவ்வளவாகப் பாதிக்காது. என்.எம்.சி. என்றால் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்தது, எடைக்கு ரேஞ்ச் அதிகம், தினசரி ஓட்டத்துக்கு 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. எந்த வகையானாலும் முழு சார்ஜோடு நாள்கணக்கில் வெயிலில் போட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.

கேள்வி: நிலக்கரியை எரித்துத்தான் கரண்ட் வருகிறது. புகையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

நியாயமான கேள்வி, இதைக் கேட்பவர்களை எண்ணெய்க் கம்பெனி ஆள் என்று திட்டுவது எனக்குப் பிடிக்காது. பேட்டரி செய்வதற்கு நிறைய சக்தி செலவாகிறது, ஆகவே மின்சார கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போதே பெட்ரோல் காரைவிட அதிகக் கார்பன் கடனோடுதான் வருகிறது. ஓட ஓட அந்தக் கடன் அடையும். எவ்வளவு சீக்கிரம் அடையும் என்பது கரண்ட் எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு அமைப்பு 2021-இல், தயாரிப்பிலிருந்து ஆயுள் முடியும் வரை சேர்த்துக் கணக்குப் போட்டது. நடுத்தர மின்சார கார் பெட்ரோல் காரைவிட ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம், சீனாவில் 37 முதல் 45 சதவீதம், நிலக்கரி அதிகமுள்ள இந்தியாவில் 19 முதல் 34 சதவீதம் குறைவாக வெளியேற்றுகிறது. இந்தியாவின் எண் சிறியதுதான், ஆனாலும் லாபப் பக்கம்தான். அனல் மின் நிலையத்துக்குப் பதில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட, ஏற்கெனவே வாங்கிய மின்சார காரும் வருடா வருடம் சுத்தமாகிக்கொண்டே போகும். பெட்ரோல் காருக்கு அந்த வழி கிடையாது.

சிக்னலில் நிற்கும் காரின் புகைக்குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கைப்பிடித்து நடக்கிற சின்னப் பிள்ளைக்கு வெகு பக்கத்தில் இருக்கும். அந்தப் புகை ஊருக்குள்ளிருந்து விலகுவதே எனக்குப் பெரிய விஷயம்.

மறுபக்கமும் கனமானது. உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசில் தோண்டப்படுகிறது, அங்குள்ள சிறு சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது ஆவணப்படுத்தப்பட்ட உண்மை. எனக்கு எல்.எஃப்.பி. மேல் சாய்வு அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். சொந்த பார்க்கிங் உண்டு. சார்ஜர் வைக்கக் குடியிருப்போர் சங்கம் அனுமதி தர மறுக்கிறது. ஆபத்தாம், கரண்ட் தாங்காதாம்.

மின்சார காருக்கு உண்மையான தடை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் உங்கள் சங்கத்தின் கூட்ட அறையைத்தான் காட்டுவேன். சண்டை போடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்கட்டும்: தகுதி பெற்ற எலக்ட்ரீஷியன் கட்டடத்தின் மொத்த மின்பளுவைப் பார்த்துக் கையெழுத்திட்ட அறிக்கை, உங்கள் மீட்டரிலிருந்தோ தனி மீட்டரிலிருந்தோ இழுக்கப்படும் தனி லைன், கசிவு மின்சாரம் வந்தால் துண்டிக்கும் பாதுகாப்பு பிரேக்கர். இரவு 11 மணிக்கு மேல்தான் ஏற்றுவேன் என்றும் எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்தில் லிஃப்ட், மோட்டார், ஏசி எல்லாம் குறைந்திருக்கும், 3.3 கிலோவாட் என்பது ஒரு வாட்டர் ஹீட்டர் எடுக்கிற அளவைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இரண்டாவது மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டுச் சார்ஜ் போடும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். மணிக்கணக்காக முழுப் பளுவில் ஓடும்போது அந்த ஒயரும் பிளக்கும் உருகும். சங்கத்தார் சொல்லும் ஆபத்து அப்போது உண்மையாகிவிடும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது, பளுவைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொதுச் சார்ஜர் ஏற்பாடுகள் இருக்கின்றன, ஒவ்வொருவரும் தனித்தனியாக லைன் இழுக்கிற செலவு மிஞ்சும்.

கேள்வி: தீப்பிடிக்கிறதே, வீடியோ வீடியோவாக வருகிறது?

பெட்ரோல் கார்தான் அதிகம் தீப்பிடிக்கிறது, அது செய்தியாவதில்லை. அதே சமயம் மின்சார கார் பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம். ஒரு செல் சூடேறி அடுத்ததைச் சூடேற்றும், ஏராளமான தண்ணீர் வேண்டும், அணைந்த பிறகும் மறுபடி பற்றலாம். அடியில் பலமாக அடிபட்டாலோ வெள்ளத்தில் மூழ்கினாலோ ஓடுகிறதே என்று விடாமல் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள், அதுவரை கட்டடத்தை ஒட்டி நிறுத்த வேண்டாம்.

கேள்வி: நூறு வருடத்துக்கு முன்பே மின்சார கார் வந்து தோற்றுப்போனதாமே? இதுவும் அப்படி ஒரு அலைதானா?

வந்தது உண்மை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டியதே 1899-இல் பெல்ஜியத்தின் கமீல் ஜெனாட்சி ஓட்டிய மின்சார வண்டிதான். 1900 வாக்கில் அமெரிக்காவில் தயாரான கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரம். அப்புறம் 1908-இல் ஃபோர்டின் மாடல் டி மலிவாக வந்தது, 1912-இல் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்து கையால் சுற்றிக் கிளப்பும் கஷ்டம் போனது, எண்ணெயும் மலிவானது. கனத்த ஈய பேட்டரியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

இப்போது மாறியிருப்பது பேட்டரி. சோனி லித்தியம் அயான் பேட்டரியை 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது, அதற்கு அடித்தளம் போட்ட மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. 2010-இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த பேட்டரி விலை, 2024-இல் சராசரியாக 115 டாலர். 2024-இல் உலகில் விற்ற புதிய கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், பிளக் போடும் ஹைப்ரிட்டையும் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த கார்) சேர்த்து, மின்சாரம். இதை அலை என்று ஒதுக்க முடியாது. ஆனால் அந்த வருட முடிவில் சாலையில் ஓடிய மொத்தக் கார்களில் அவை சுமார் 4 சதவீதம்தான். ஒரு கார் 15, 20 வருடம் ஓடுகிறது, ஆகவே நாளையே பெட்ரோல் கார் விற்பனையை நிறுத்தினாலும் பங்க்குகள் ரொம்ப காலம் இருக்கும். பழைய காரை வைத்திருப்பவர்கள் பதற வேண்டியதில்லை.

கேள்வி: எல்லாரும் மாறிவிட்டால் கரண்ட் போதுமா?

வருடம் 12,000 கிலோமீட்டர் ஓடும் காருக்குச் சுமார் 1,800 யூனிட். மொத்த உற்பத்தியைப் பல வருடங்களில் அந்த அளவுக்குக் கூட்டிவிடலாம். சிக்கல் சாயங்காலம் ஏழு மணியில் இருக்கிறது. ஒரு தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் வேலையிலிருந்து திரும்பி ஒரே நேரத்தில் 7 கிலோவாட் சார்ஜரைப் போட்டால் அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு 70 கிலோவாட் திடீர்ப் பளு. அதே பத்துக் காரும் நடுராத்திரியில், ஒன்று மாற்றி ஒன்றாக ஏறினால் யாருக்கும் தெரியாது. காரிலேயே டைமர் இருக்கிறது, ராத்திரிக் கட்டணத்தைக் குறைத்தால் மக்கள் தாமாகவே மாற்றிக்கொள்வார்கள். மின்வாரியங்கள் இதைச் செய்யாமல் கரண்ட் பற்றாது என்று புலம்புவதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: நடுவில் ஹைப்ரிட் வாங்கினால்?

பிளக் பாயின்ட் இல்லாதவருக்கு, ஓடும்போதே தன் பேட்டரியை ஏற்றிக்கொள்ளும் சாதாரண ஹைப்ரிட் நல்ல வழி. 1997-இல் டொயோட்டாவின் பிரியஸ் கார் வந்ததிலிருந்து பலமுறை தேறிய தொழில்நுட்பம். பிளக் போடும் ஹைப்ரிட் வாங்கினால் தினமும் பிளக் போடுங்கள். போடாமல் ஓட்டுபவர்கள் அதிகம் என்பதால்தான், சாலையில் அதன் உண்மையான வெளியேற்றம் சோதனைக்கூட எண்ணைப் போல் சுமார் மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணையமே 2024-இல் சொன்னது.

கேள்வி: புதுசு வாங்க வசதியில்லை. பழைய மின்சார கார் ஒன்று மலிவாக வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

ஓடிய கிலோமீட்டரைவிட பேட்டரியின் ஆரோக்கிய சதவீதம் முக்கியம். சர்வீஸ் சென்டரில் கட்டணம் கட்டி அந்த அறிக்கையை வாங்குங்கள், விற்பவர் காட்டும் திரையின் ரேஞ்ச் எண்ணை நம்ப வேண்டாம், அது முந்தைய ஓட்டத்தை வைத்துப் போடும் மதிப்பீடு. மெதுவான சார்ஜர், ஃபாஸ்ட் சார்ஜர் இரண்டிலும் செருகிப் பாருங்கள், ஒன்று பழுதான கார்களும் சந்தைக்கு வருகின்றன. நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டர் ஓட்டி எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். காரின் கன் வகை உங்கள் பகுதியில் உள்ள சார்ஜர்களில் இருக்கிறதா என்றும் பாருங்கள், வேறு நாட்டிலிருந்து வந்த பழைய மாடல்களில் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பேட்டரி வாரன்ட்டி இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லும் என்று கம்பெனி எழுத்தில் தராத வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.